எல்லோருக்கும் விட்ட காய்ச்சல்

எங்கள் குடும்பத்துக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் முன்பக்கம் மண்டி, பின்பக்கம் கிட்டங்கி, மேலே வீடு. கிட்டங்கிக்குள் மிளகாய், மல்லி, நிலக்கடலை மூட்டைகள் கூரையை முட்டுகிற உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். அந்த வீட்டுக்கு மூத்த மகனாகப் பிறந்தவன் நான். கிட்டங்கிக்குள் கால் வைத்தால் எனக்குத் தும்மல் வரும்.

மிளகாய் நெடிக்கு யாருக்குத்தான் தும்மல் வராது என்று கேட்கலாம். மூட்டை தூக்குகிறவர்களும் தும்முவார்கள். வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து அடுத்த மூட்டைக்குத் தோள் கொடுப்பார்கள். என் தும்மல் அப்படி நிற்காது. கண் சிவக்கும், மேலண்ணம் அரிக்கும், காதுக்குள் விரல் போகாத இடத்தில் அரிக்கும். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும். வெளியே வந்து முகம் கழுவிய பிறகும் மத்தியானம்வரை ஓடும். காலையில் கண் விழித்ததும் தனியாக ஒரு கச்சேரி உண்டு. அதனால் என் இடுப்பில் எப்போதும் ஒரு துணி செருகியிருக்கும், எப்போதும் அது ஈரமாக இருக்கும். கல்யாண வயதில் ஒருவன் ஈரத் துணியோடு கடைத்தெருவில் நடமாடுவது எப்படி இருக்கும் என்பதை நடமாடியவனுக்குத்தான் தெரியும்.

வேலந்தாவளத்தில் வாரச்சந்தை. மாட்டுச் சந்தைதான் பெரிது. அதை ஒட்டி நாங்கள் மிளகாயை அம்பாரமாகக் குவித்து விற்போம். அத்தாவின் குரல் சந்தையின் அந்தக் கோடிக்குக் கேட்கும். ஒரு முறை பொள்ளாச்சியிலிருந்து வந்த பெரிய வியாபாரி ஒருவர் குனிந்து ஒரு கை மிளகாயை அள்ளி, காம்பைக் கிள்ளி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் அப்போதுதான் ஒரு சாக்கை உதறியிருந்தேன். தும்மல் தொடங்கியது. முகத்தைத் திருப்பக்கூட நேரமில்லை, சரக்கின் மேலேயே தும்மிவிட்டேன். வியாபாரி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார்.

அத்தா ஒரு கணமும் தயங்கவில்லை.

"பாத்தீங்களா? என்ற மகன் மூக்கு பொய் சொல்லாதுங்க. காரமில்லாத மொளகாய்க்கு அவன் தும்மவே மாட்டான்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வியாபாரியும் சிரித்தார். சரக்கு விலை போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தையிலும் அத்தா அதைச் சொல்லத் தொடங்கினார். சில நாள் என்னைக் கூப்பிட்டு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார். தும்மினால் சிரிப்பு. தும்மாவிட்டால், "என்ன பாய், இன்னிக்குச் சரக்கு சொகமில்லையா?" என்று கேட்பார்கள், அதற்கும் சிரிப்பு. நானும் கூடச் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால் அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அத்தா என்மேல் பிரியம் இல்லாதவர் இல்லை. மகனின் குறையை ஊர் எடுத்துப் பேசும் முன் தானே எடுத்துச் சரக்கோடு சேர்த்து விற்றுவிடலாம் என்று நினைத்திருப்பார். இப்போது அது புரிகிறது. அப்போது, சந்தை கலைந்து வண்டியில் திரும்பும்போது, அவர் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

மாநிலம் பிரிந்து வேலந்தாவளத்தில் எல்லை என்று ஒன்று வந்த மறு வருஷம், மழை தொடங்கும் சமயத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. கப்பலில் சென்னைக்கு வந்திறங்கிய காய்ச்சல் என்று பத்திரிகை படிப்பவர்கள் சொன்னார்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு படுத்தார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் பலகை எடுக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் முதலில் தம்பி விழுந்தான், அப்புறம் அம்மா, அப்புறம் அத்தா. உடம்பை அடித்துப் போட்டது போல் வலி, தலையைத் தூக்க முடியாத காய்ச்சல், வறட்டு இருமல். நான்தான் மூன்று பேருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். மூக்கொழுகி என்று பேர் வாங்கிய நான் ஒருவன் மட்டும் நிற்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. அவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கிய சமயத்தில் நான் படுத்தேன்.

அவர்களுக்கு வந்தது போலவே எனக்கும் காய்ச்சல் வந்தது, அவர்களுக்கு விட்டது போலவே விட்டது. ஆனால் நெஞ்சு விடவில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விடத்தான் முடியவில்லை. விடும்போது நெஞ்சுக்குள் ஒரு விசில் ஊதியது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் தம்பிக்கு அது கேட்கும். படுத்தால் மூச்சு இளைத்தது. அதனால் உட்கார்ந்து, மடியில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு கிடப்பேன். அம்மா கற்பூரவல்லி பிழிந்து கொடுத்தார், திப்பிலி இடித்துக் கொடுத்தார், பள்ளிவாசலிலிருந்து ஓதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். எல்லாம் குடித்தேன். விசில் நிற்கவில்லை.

ஊர் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. காய்ச்சல் என்பது எல்லோரும் சிரித்துப் பேசுகிற பழைய கதையாகிவிட்டது. யார் எப்படி உளறினார்கள், யார் காய்ச்சலோடு மாடு பிடிக்கப் போனார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் நடந்தால் பேச்சு நிற்கும்.

"ஏன் கண்ணு, இன்னும் உட்டபாடில்லையா?" என்று ஒருவர் கேட்பார்.

"கொஞ்சம் இருக்குதுங்க" என்பேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் மூச்சு வாங்கும்.

அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்டுவிட்டு அரையடி பின்னால் நகர்வார்கள். ஊர் முழுக்க விட்டுவிட்டுப் போன காய்ச்சலை நான் ஒருவன் மட்டும் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகையில் தோளோடு தோள் உரச நிற்க வேண்டும், நடுவில் இடைவெளி விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். குத்பா பிரசங்கம் நடக்கும்போதே இருமலை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரிசை கட்டியதும் அடக்கியது எல்லாம் சேர்ந்து வெடித்தது. இருமி முடித்து நிமிர்ந்தபோது என் இடது பக்கம் காலியாக இருந்தது. அங்கே நின்றவர் ஜவுளிக்கடைக்காரர். சொந்தமில்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் பின்வரிசைக்குப் போய்விட்டிருந்தார். அந்த இடத்தை நிரப்ப யாராவது வருவார்கள் என்று நின்றேன். யாரும் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "எடத்த நெரப்புங்கப்பா" என்றார். அப்போதும் யாரும் நகரவில்லை. இமாம் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்.

முன்வரிசையிலிருந்து தம்பி இறங்கி வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்து என் தோளோடு தன் தோளை அழுத்தி நின்றான். தொழுகை தொடங்கியது.

அவன் செய்தது பெரிய காரியம். இத்தனை வருஷத்தில் அதை நான் அவனிடம் சொன்னதில்லை. அன்று எனக்கு நன்றி தோன்றவில்லை. என்னைவிட இளையவன், எனக்காக அத்தனை பேர் பார்க்க இடத்தை விட்டு வரவேண்டியிருக்கிறதே என்று உடம்பு கூசியது. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது, நிமிரவே வேண்டாம், இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டிலேயே தொழுதேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதுவும் வலித்தது.

ஊர் வாயில் அதற்குள் ஒரு வார்த்தை வந்துவிட்டது. எலும்புருக்கி. எங்கள் முன்னால் யாரும் சொல்லவில்லை. மூட்டை தூக்க வந்த ஆள் ஒருவர் நான் குடித்து வைத்த செம்பை எடுக்காமல் கிணற்றடிக்குப் போய்க் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்ததைப் பார்த்து அம்மாவுக்குத் தெரிந்தது.

காய்ச்சலுக்கு முன்பே எனக்கு எலப்புள்ளியில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். எல்லாம் பேசி முடித்து, நாள் வைப்பது மட்டும் பாக்கி. வார்த்தை எலப்புள்ளி வரைக்கும் போயிருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் தகப்பனாரும் பெண்ணின் தாய்மாமாவும், "சும்மா இந்தப் பக்கம் வந்தோமுங்க" என்று வந்து உட்கார்ந்தார்கள்.

அம்மா எனக்குச் சலவைச் சட்டை எடுத்துக் கொடுத்தார். "பேசாத. பேசுனா இருமல் வரும். தலைய மட்டும் ஆட்டு" என்றார்.

நான் போய் ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் கேட்டார்கள், நான் தலையை ஆட்டினேன்.

"மழை இந்தப் பக்கம் எப்பிடீங்க மாப்பிள்ளை?"

தலையை ஆட்டினேன்.

"வியாபாரமெல்லாம் தொடங்கியாச்சுங்களா?"

அதற்கும் ஆட்டினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்டையில் அரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அத்தா அவசர அவசரமாக மிளகாய் விலை, மாட்டு விலை, எல்லையில் புதிதாக வந்த சோதனைச் சாவடி என்று என்னென்னவோ பேசினார். தம்பி சர்பத் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாய் குடித்தால் அரிப்பு அடங்கும் என்று எடுத்து வாயில் வைத்தேன். அவ்வளவுதான். சர்பத் மூக்கு வழியாக வந்தது. இருமல் வந்தது. இருமலுக்குப் பின்னால் விசில் வந்தது. சட்டையெல்லாம் சிவப்பு. அது சர்பத்தின் சிவப்புதான். ஆனால் தாய்மாமா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலோரம் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார் பெண்ணின் தகப்பனார், என் இருமல் அடங்கிய பிறகு. அவர் இடத்தை விட்டு நகரவில்லை. "எனக்கும் ஒத்தப் புள்ளைங்க. கோயமுத்தூர்ல நெஞ்சுப் படம் எடுக்கறாங்களாம். ஒருக்கா எடுத்துப் பாத்துட்டம்னா ரெண்டு பேத்துக்கும் நிம்மதி."

அத்தாவும் என்னைப் போலவே தலையை மட்டும் ஆட்டினார். சந்தையில் ஒரு நாளும் வாயடைத்துப் போகாத மனிதர்.

எங்களில் ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளையின் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துச் சம்பந்தம் செய்கிற வழக்கமும் எங்கேயும் இருந்ததாக நான் கேட்டதில்லை. அது என்னால் வந்தது.

கோயமுத்தூருக்கு அத்தாவும் அம்மாவும் என்னைக் கூட்டிப் போனார்கள். பஸ் ஏறி இறங்கி ஆசுபத்திரி வாசலை அடைவதற்குள் எனக்குப் பேச மூச்சில்லை. லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும், கேள்வி எதுவும் கேட்கும் முன், கைத்தோலுக்கு அடியில் ஒரு ஊசி போட்டார். நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் நடுங்கின. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். அப்போது யாரோ உள்ளே ஒரு முடிச்சை அவிழ்த்தது போல் இருந்தது. மூச்சு அடிவயிறுவரை போய், தங்குதடையில்லாமல் வெளியே வந்தது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன். வந்தது. நான் அழுதுவிட்டேன். மீசை வைத்த மகன் அழுவதைப் பார்க்காமல் அத்தா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "டீபி இல்லை" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அம்மா.

பிறகு டாக்டர் என்னிடம் நிறையக் கேட்டார். தும்மல் எப்போதிலிருந்து, காலையிலா மாலையிலா, எந்த இடத்துக்குப் போனால் கூடும். மிளகாய் என்று அத்தா சொன்னார். மிளகாய் கொட்டும்போதா, சாக்கை உதறும்போதா என்று அவர் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். சாக்கை உதறும்போதுதான். மழையில் நனைந்து காய்ந்த பழைய சாக்காக இருந்தால் இன்னும் மோசம்.

"மிளகாய் நெடி எல்லாருக்கும் எரியும். உங்களுக்கு ஒத்துக்காதது அந்தச் சாக்குத் தூசியும் பூஞ்சணமும்னு நினைக்கிறேன். இதை அலர்ஜின்னு சொல்றோம்" என்றார்.

"சரிங்க, தூசிக்குத் தும்முறான். காய்ச்சல் எல்லாருக்குந்தான வந்துச்சு? இவனுக்கு மட்டும் ஏனுங்க உடல?" என்று அத்தா கேட்டார்.

"காய்ச்சல் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. அது வந்து புகுந்த இடம் வேற. இவருக்கு மூக்கும் மூச்சுக்குழாயும் வருஷக்கணக்காத் தூசியோட சண்டை போட்டு உள்ளே வீங்கியே இருக்கு. அந்த நேரத்துல இந்தக் காய்ச்சல் வந்தா, மத்தவங்களுக்குச் சளியோட போறது இவருக்கு இளைப்பாகி நிக்குது. இவர்கிட்ட இருந்து இனிமே யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம். ஏன் சிலர் உடம்பு இப்படி இருக்குன்னு கேட்டா, எனக்கும் முழுசாத் தெரியாது."

"எங்க வம்சத்துல யாருக்கும் இப்பிடிக் கெடையாதுங்க" என்றார் அத்தா.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"அப்ப இவன் நாளைக்கே மண்டிக்கு வரலாமுங்களா?"

"மண்டி முன்னாடி உக்காரலாம். அந்தக் கிட்டங்கி கூடாது. ஒவ்வொரு மழைக்கும் சளி வரத்தான் செய்யும். அப்ப தூசியும் சேர்ந்துச்சுன்னா மறுபடியும் இங்கேதான் வருவார்."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ற தங்கச்சிக்கு இருந்துச்சு. சின்னதுல. நெல்லடிக்கற காலத்துல எளைக்கும். கல்யாணம் நிக்கப் போவுதுன்னு ஊட்டுல யாருகிட்டயும் சொல்லல."

அம்மாவின் தங்கை நான் பிறப்பதற்கு முன்பே இறந்து போனவர். எதனால் என்று எங்கள் வீட்டில் பேசியதில்லை. அத்தா நெஞ்சுப் படம் இருந்த உறையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

எலப்புள்ளியில் நடந்ததை என் மனைவி சொல்லித்தான் பிற்பாடு நான் தெரிந்துகொண்டேன். ஆமாம், அந்தப் பெண்தான் என் மனைவி.

அவள் தகப்பனார் படத்தை வாங்கிக்கொண்டு போனார். ஆசுபத்திரிக் கம்பவுண்டர் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். கொல்லைப்புறத்தில் வெயிலுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தார்கள். எது மேல்பக்கம் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுப் பெண்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "உள்ளுக்குள்ள எல்லாம் கறுப்பால்ல இருக்குது?" என்று அவளுடைய பெரியம்மா பதறியிருக்கிறார். "கறுப்பா இருக்கறது காத்துங்க. அது நல்லதுங்க" என்று கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார். அடுக்களை ஜன்னல் வழியாக அவளும் பார்த்திருக்கிறாள்.

"மொதல்ல உங்க நெஞ்செலும்பத்தானுங்க பாத்தேன். மூஞ்சி அப்பறந்தான்" என்றாள், கல்யாணமான புதிதில்.

அப்போது எனக்குக் காது சுட்டது. அந்தக் கொல்லைப்புறத்தில் சட்டையில்லாமல், தோலுமில்லாமல் என்னை நிறுத்தி வைத்தது போல் இருந்தது.

"வேண்டாமுன்னு நீ சொல்லலியா?" என்று கேட்டேன்.

"எங்கத்தா கேட்டாங்க. அத்தன பேரு ஒருத்தரோட நெஞ்சுக்குள்ள எட்டிப் பாத்துட்டு வேண்டாமுன்னு சொன்னா, அவரு எங்க போயி மூஞ்சியக் காட்டுவாருன்னு நெனச்சேன்."

"அப்ப எரக்கப்பட்டுத்தான் கட்டிக்கிட்டியா?"

"எரக்கமில்லாம யாருங்க யாரைக் கட்டிக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு விளக்குத் துடைக்கப் போய்விட்டாள். அந்தப் பதில் எனக்கு அன்று போதவில்லை. பல வருஷம் போதவில்லை.

கிட்டங்கி விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் மண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்தேன். சாக்கு உதறும் சத்தம் பின்னாலிருந்து கேட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன். வியாபாரிகள் முன்னால் அப்படி எழுந்து ஓடுவது பார்க்க நன்றாக இருக்குமா? தம்பி பின்னால் எடை போட்டுக்கொண்டு, மூட்டை தைத்துக்கொண்டு, வேர்வையில் நனைந்து வருவான். நான் சலவைச் சட்டையோடு நிற்பேன். ஒரு நாள் அத்தா, ஆட்கள் இருக்கும்போதே, "தூசுக்குப் பயந்தவன் தொரைக்குப் பொறந்திருக்கோணும்" என்றார். தம்பி, "அத்தா!" என்று அதட்டினான். அத்தாவை அவன் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் என் மனைவி அவள் அத்தாவிடம் பேசினாள். அடுத்த பெருநாள் வருவதற்குள் கடைத்தெருவின் மறுகோடியில் நான் ஒரு இரும்புக் கடை வைத்தேன். வாளி, கீல், ஆணி, தாழ்ப்பாள், மண்வெட்டி, கிணற்று ராட்டினம். சாக்கு என்று ஒன்று அந்தக் கடைக்குள் வராது. மாமனார் துணையில் வைத்த கடை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிளகாய் மண்டிக்காரர் மூத்த மகன் ஆணி விற்கிறான் என்று சொல்லிக்கொண்டார்கள். அத்தா அந்தப் பக்கம் வரவில்லை. மண்டியிலிருந்து அவர் வழக்கமாகப் போகிற வழியில் என் கடை இல்லை என்பதால் யாரும் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மழைக்கு வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தது. மனைவி இரண்டு தும்மல் தும்மிவிட்டு மூன்றாம் நாள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது நெஞ்சில் இறங்கியது. ஆனால் முந்தின வருஷம் போல இல்லை. விசில் இருந்தது, மாத்திரைக்கு அடங்கியது. படுத்துத் தூங்க முடிந்தது. டாக்டர் சொன்னது உண்மை என்று அப்போது நம்பினேன். எவ்வளவோ காலம் கழித்து, என் பேரன் வயதுள்ள ஒரு டாக்டர் இதை வேறு விதமாக விளக்கினார். ஒவ்வாமை உள்ளவர்கள் உடம்பில் காவல் இல்லாமல் இல்லையாம். காவலெல்லாம் தூசிப் பக்கம் திரும்பி நிற்குமாம். அதனால் சளிக்கிருமி நுழையும்போது அதற்கு எதிரான எச்சரிக்கை தாமதமாகவும் மெதுவாகவும் எழும். அதற்குள் கிருமி பெருகிவிடும், ஏற்கெனவே இருக்கிற வீக்கம் இன்னும் கூடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அந்தப் பள்ளிவாசல் வரிசையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். சொல்லியிருந்தாலும் யாரும் பக்கத்தில் வந்து நின்றிருக்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

இரும்புக் கடை வைத்த பிறகு வந்த அந்த முதல் மழைக்காலத்தில்தான் ஒரு நாள் அத்தா கடைக்கு வந்தார்.

மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லை. உள்ளே தாழ்ப்பாள்களை அடுக்கிக்கொண்டிருந்த நான் தெருவில் அவரைப் பார்த்தேன். கிட்டங்கியிலிருந்து நேரே வந்திருக்கிறார், தோளிலும் தலையிலும் தூசி வெளுத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கமே நின்றுவிட்டார். தோள் துண்டை எடுத்து உதறினார். பிறகு சட்டையை முன்னும் பின்னும் தட்டினார். வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். துண்டால் தலைமுடியைத் தட்டினார், புருவத்தைக்கூடத் துடைத்தார். போகிற வருகிற ஒன்றிரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தூசி என் கடைப்பக்கம் வராதபடி திரும்பி நின்று இன்னொரு தரம் துண்டை உதறினார். அப்புறம்தான் தெருவைத் தாண்டி வந்தார்.

நான் பார்க்காதவன் போலக் குனிந்து தாழ்ப்பாள்களை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். என் தும்மலைச் சொல்லி அவர் சந்தையில் சிரிக்க வைத்த நாளெல்லாம் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அந்த வயதில், அந்தத் தெருவில், என் அத்தாவை அப்படி நிற்க வைத்த உடம்பு இது.

"ஸலாம்" என்றார் வாசலில். உள்ளே வரவில்லை.

"வாங்கத்தா. உக்காருங்க."

"இங்கயே நிக்கறேன். சட்டையில இருக்குமோ என்னமோ."

"ஒண்ணுமில்லீங்கத்தா. வாங்க."

அவர் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். என் முகத்தையே பார்த்தார், தும்முகிறேனா என்று. எனக்கு மூக்கு அரிக்கத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும், நான் திரும்பி நின்று, வாளிகளுக்குப் பின்னால் முகத்தை வைத்துச் சத்தமில்லாமல் ஒரு தடவை தும்மினேன்.

அவர் கேட்டிருப்பார். கிட்டங்கிக் கதவுக்குப் பெரிய கீல் வேண்டும் என்றார், பழையது துருப்பிடித்துப் போய்விட்டதாம். நான் இரண்டு ஜோடி எடுத்துக் காட்டினேன். கனமானதை எடுத்துக்கொண்டு, "நான் போயித் தம்பிகிட்டக் குடுத்து மாட்டச் சொல்றேன். நீ அந்தப் பக்கம் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.